மண் இழையமைப்பு முக்கோணி: எந்த மென்பொருள், எங்கே பிழைக்கும்?

மணல், வண்டல், களி மூன்றின் சதவீதத்தையும் முக்கோணியில் ஒரே புள்ளியாகக் குறிப்பது பற்றி, தேயிலைத் தோட்டங்களில் மண் பார்ப்பவர்கள் கேட்டவையும் பதில்களும்.

ஹட்டன்: சேர், என்னிடம் எக்செல் மட்டும்தான். அதில் முக்கோணி வரைபே இல்லையே?

சிதறல் வரைபு போதும். மணல் இடது மூலை, வண்டல் வலது மூலை, களி உச்சி. கிடை அளவு: வண்டல் + களியின் பாதி. நிலைக்குத்து அளவு: களி × 0.866. மணல் 50, வண்டல் 20, களி 30 என்றால் கிடை 35, நிலைக்குத்து 25.98. (0,0), (100,0), (50,86.6), திரும்ப (0,0) என்று கோடிட்டால் சட்டம் வந்துவிடும். கிடை அச்சை 100இலும் நிலைக்குத்து அச்சை 86.6இலும் நீங்களே நிறுத்தி, வரைபின் அகலத்தையும் உயரத்தையும் அதே விகிதத்தில் வையுங்கள். எக்செலிடம் விட்டால் முக்கோணி சப்பையாகிவிடும். மண் வகுப்புகளின் (மணற்களி, மணற்களி இருவாட்டி போன்றவை) எல்லைகளையும் ஒவ்வொரு கோடாகத்தான் போட வேண்டும். மாதிரிகள் நிறைய இருந்தால் இதில் மினக்கெடாதீர்கள்.

பண்டாரவளை: ஆர் என்ற கணினி மொழியில் முக்கோணி வரைய எந்தத் தொகுப்பு நல்லது, ஜிஜிடெர்னா, சாயில்டெக்ஷரா?

மண்ணுக்குச் சாயில்டெக்ஷர்தான். யூஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத் திணைக்களம்) வகுப்புகள் உள்ளேயே இருக்கின்றன. எந்த மாதிரி எந்த வகுப்பு என்ற அட்டவணையும் தரும். நிரல் தலைப்புகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பு முறையின் பெயரையும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஐரோப்பிய முக்கோணி வரும். ஜிஜிடெர்ன் பார்க்க அழகு, ஆனால் அது சார்ந்திருக்கும் ஜிஜிபிளாட்2 என்ற வரைபுத் தொகுப்பின் பதிப்பு மாறும்போது ஒத்துப்போகாமல் நின்றுவிடுவதுண்டு.

பதுளை: அண்ணா, பைதன் மொழியின் எம்பிஎல்டெர்ன் தொகுப்பில் மணல் கூடிய மண்ணெல்லாம் உச்சிக்குப் போகிறது.

தங்கச்சி, அது கேட்கும் ஒழுங்கு உச்சி, இடது, வலது. களி, மணல், வண்டல் என்று கொடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மேலே சொன்ன மாதிரியில் களி 30ஐத் தவறுதலாக 35 என்று அடித்தால் கூட்டுத்தொகை 105. எம்பிஎல்டெர்ன் ஒன்றும் சொல்லாமல் அதை மணல் 47.6, வண்டல் 19.0, களி 33.3 ஆக்கி வரைந்துவிடும். பிளாட்லி என்ற வரைபுத் தொகுப்பும் அப்படியே. சாயில்டெக்ஷர் பிழை காட்டி நிற்கும். 99.9 வந்தால் சரிக்கட்டலாம். 105 வந்தால் நிறைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

தலவாக்கலை: ஒரே மலையின் மண், இரண்டு ஆய்வுகூட முடிவு, இரண்டு வகுப்பு. ஏன்?

வண்டலுக்கும் மணலுக்கும் இடையிலான எல்லை யூஎஸ்டிஏ முறையில் 0.05 மி.மீ., சர்வதேச முறையில் 0.02 மி.மீ. களியின் எல்லை இரண்டிலும் 0.002 மி.மீ. ஆகவே புள்ளி அதே உயரத்தில் பக்கவாட்டாக நகரும். சாயில்டெக்ஷரில் மடக்கை முறையில் மாற்றலாம், அது மதிப்பீடுதான். மாற்றியதைப் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள். 0.053 மி.மீ. சல்லடையில் மணலைப் பிரித்து நிறுக்கச் சொல்வதே நல்லது.

நுவரெலியா: சேர், காலையில் பார்த்தால் களி கூடுதலாக வருகிறது.

குளிர்தான் காரணம். ஹைட்ரோமீட்டர் (மண் கலந்த நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) 20 பாகைக்கு அளவுகுறிக்கப்பட்டது. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அதன் வாசிப்பிலிருந்து லீற்றருக்கு 0.36 கிராம் கழிக்க வேண்டும். 15 பாகையில் 1.8 கிராம், 40 கிராம் மண்ணுக்கு அது 4.5 சதவீதம். கழிக்காவிட்டால் மணல் 50, வண்டல் 17, களி 33 உள்ள மணற்களி இருவாட்டி, 45.5, 17, 37.5 ஆகி மணற்களியாகிவிடும். கூட்டுத்தொகை அப்போதும் 100 என்பதால் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. வெப்பநிலைக்கும் ஒரு நிரல் போட்டு, திருத்திய பிறகே வரையுங்கள்.