பீட்டில் ஆயில் பம்பு: பேக்கிங் மாற்றியும் ஒழுகினால்?

கேள்வி: என்னுடையது 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1500 இன்ஜின். கிராங்க் புல்லிக்குக் கீழே ஆயில் சொட்டியது. ஆயில் பம்பு மூடியின் பேக்கிங் போய்விட்டது என்று மெக்கானிக் கெட்டி ஷீட்டில் புதிதாக வெட்டிப் போட்டு, சிலிக்கான் பேஸ்டும் தடவினார். சொட்டுவது நிற்கவில்லை. போதாக்குறைக்கு, வண்டி சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஏன்?
– வாசகர், கோவை

பதில்: விளக்கு மினுக்குவதற்குப் பெரும்பாலும் அந்தக் கெட்டி ஷீட்தான் காரணம். பம்புக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களுக்கும் மூடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை பேக்கிங்கின் கனமே முடிவுசெய்கிறது. இடைவெளி கூடினால், பம்பு தள்ளும் ஆயில் சக்கரங்களின் முகத்தை ஒட்டி வந்த வழியே திரும்பிவிடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை இது தெரியாது. சூடாகி இளகியதும், அதுவும் ஐட்லிங்கில், அழுத்தம் விழும். பேரிங்குகளைக் காப்பாற்ற வேண்டுமானால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

சிலிக்கான் அதைவிட ஆபத்து. கம்பெனி அமைப்பில் இந்த இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பிச் சல்லடை மட்டும்தான். அதுவும் பம்புக்கு முன்னால் இருக்கிறது. பம்புக்குள் பிதுங்கி அறுந்த துணுக்கு நேராக ஆயில் கூலருக்கும் பேரிங்குக்கும் போகும். தடுக்க எதுவும் இல்லை.

கழற்றும் முன் ஒழுக்கு பம்பிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். அந்த இடம் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் முகப்பவுடர் தூவி, 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஈரம் புல்லியின் பின்புறத்திலிருந்து இறங்கினால் பம்பைத் தொட வேண்டாம். அங்கே ரப்பர் சீல் இல்லை. புல்லியின் கழுத்தில் வெட்டிய திருகுமரைதான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. பிரீதர் (இன்ஜினின் உட்காற்று வெளியேறும் குழாய்) அடைத்திருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலோ உள்ளழுத்தம் கூடி அந்த வழியாகத் தள்ளும்.

பம்புதான் என்றால்: ஆயிலை வடித்துவிட்டு, ஃபேன் பெல்ட், புல்லி (30 மி.மீ. போல்ட்), அதன் கீழ்த்தகடு மூன்றையும் கழற்றினால் நான்கு நட்டுகளில் மூடி நிற்பது தெரியும். மூடி மட்டும் வந்தால் போதும், பம்பின் உடலை இழுக்காதீர்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது மெக்னீசியக் கலவையால் ஆன இன்ஜின் கேஸில் கீறல் விழக்கூடாது; மரக்குச்சியோ பிளாஸ்டிக் துண்டோ போதும்.

இனி அளவு. பேக்கிங் இல்லாமல் பம்பின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் போனால் பம்பு தேய்ந்துவிட்டது, பேக்கிங்கால் பயனில்லை. மூடியின் உட்புறத்தில் சக்கரங்கள் வட்டக்குழி போட்டிருந்தால், தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் வாட்டர் பேப்பர் விரித்து, எண்ணெய் விட்டு, குழி மறையும்வரை தேய்த்துச் சமப்படுத்துங்கள். புது பேக்கிங் ஒரிஜினல் கனத்தில் இருக்கட்டும், பேஸ்ட் இல்லாமல் உலர்வாகவே போடுங்கள். மூடியைப் பிடிக்கும் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) 6 மி.மீ.யா 8 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். துளை அளவு வேறு. பிளாஸ்டிக் வளையம் உள்ள நட்டுகளில் வளையம் மூடிப் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டட்டின் மரை வழியாக வரும் கசிவை அதுதான் நிறுத்தும். இறுக்கும் முறுக்கு அளவு 8 மி.மீ. நட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்கு அதில் பாதி. மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள்.

மூடுமுன் சக்கரப் பற்களின் இடைவெளியில் வாசலின் நிரப்புங்கள். காலியான பம்பு ஆயிலை இழுக்காது. 2.5 லிட்டர் ஆயில் ஊற்றி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி காயில் வயரைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அணையாவிட்டால் இன்ஜினை ஓட்ட வேண்டாம்.

கேள்வி: பம்பையே மாற்ற வேண்டுமானால்?
– அதே வாசகர்

பதில்: பம்பைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு); அதற்கு ஏற்ற பம்பையே வாங்குங்கள். 1971 முதல் வந்த குழிவான கேம் கியருக்கும் அதற்கு முந்தைய தட்டையான கியருக்கும் பம்பு வேறு. பம்பு ஷாஃப்ட்டின் நாக்கு கேம் ஷாஃப்ட்டின் பிளவில் அமர வேண்டும். நட்டுகளை லேசாக வைத்து, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றியபின் இறுக்கினால் பம்பு தானே நடுவுக்கு வந்துவிடும்.