கிணற்றடி மோட்டார் அறையில் உர மூட்டைகள்: குடிநீரைக் காப்பது எப்படி?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பாசனத்துக்கும் வீட்டில் குடிக்கவும் எடுக்கிறோம். கிணற்றை ஒட்டிய மோட்டார் அறையில் யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூட்டைகளை அடுக்கி வைக்கிறோம். சொட்டுநீரில் விடும் உரத்தையும் அங்கேயே டிரம்மில் கரைக்கிறோம். சென்ற வாரம் பெய்த மழையில் அறைக்குள் தண்ணீர் புகுந்து, அடியில் இருந்த இரண்டு யூரியா மூட்டைகள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, வாசனையும் இல்லை. வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஆனால் உரத்திலிருந்து வரும் நைட்ரேட் ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரின் போடுவதாலோ, கரி வடிகட்டியாலோ, துணியில் வடிகட்டுவதாலோ நைட்ரேட் போகாது. அதற்கு நிறமும் மணமும் இல்லை என்பதால் தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எனவே முதல் வேலை குழந்தைக்கானது. பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைக்குக் கொடுக்கவோ, பால் பவுடர் கரைக்கவோ அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். பாதுகாப்பானது என்று தெரிந்த வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்வதைத் தடுக்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. உதடு, நகம், வாயைச் சுற்றிய தோல் நீலம் பாய்ந்தாலோ, குழந்தை மூச்சு வாங்கினாலோ, வழக்கமில்லாமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தண்ணீரில் உரம் கலந்திருக்கலாம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களும் அந்தத் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது பரிசோதனை. யூரியா கரைந்த உடனே நைட்ரேட்டாக மாறிவிடுவதில்லை. மண்ணில் அது முதலில் அம்மோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகிறது. இதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை அப்படிப் பிடித்து வைக்காது, அது தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஆகவே இன்று எடுக்கும் மாதிரியில் அளவு குறைவாக இருந்தால் நிம்மதியாகி விட்டுவிடாதீர்கள். இப்போது ஒரு முறையும், நான்கைந்து வாரம் கழித்து ஒரு முறையும் மாதிரி கொடுங்கள். நைட்ரேட்டோடு அம்மோனியாவையும் கோலிஃபார்ம் கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் புகுந்த இடத்தில் சாணம், கழிவுநீர் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

முடிவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். சில ஆய்வகங்கள் இதையே, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடுத்து, நைட்ரேட்-நைட்ரஜன் என்று கணக்கிட்டுத் தரும். அப்படித் தந்தால் அளவு 11 மில்லிகிராம். அறிக்கையில் 20 என்று இருந்து, அது நைட்ரஜன் கணக்காக இருந்தால், பாதுகாப்பு எல்லையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஆர்ஓ கருவி நைட்ரேட்டைக் குறைக்கும். ஆனால் கருவியிலிருந்து வரும் தண்ணீரையும் சோதித்துப் பார்த்துத்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிலோ யூரியாவில் உள்ள நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால் சுமார் 2 கிலோ நைட்ரேட் கிடைக்கும். அது ஏறக்குறைய 40,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். உங்கள் மூட்டைகளில் கரைந்த அத்தனையும் கிணற்றுக்குப் போயிருக்காது. கொஞ்சம் காற்றில் போயிருக்கும், கொஞ்சம் மண்ணில் தங்கியிருக்கும். ஆனாலும் வயல் முழுக்கப் பரவும் உரத்தைவிட, கிணற்றடியில் ஒரே இடத்தில் கொட்டும் உரம் குடிநீருக்குப் பெரிய ஆபத்து. அங்கே அதை உறிஞ்சிக்கொள்ளப் பயிரும் இல்லை, கிணற்றுக்குத் தூரமும் இல்லை.

இப்போதே அறையைக் காலி செய்யுங்கள். தரையில் கிடக்கும் உரத்தைக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் மிச்சமும் கிணற்றுக்குத்தான் போகும். வெள்ளை பூத்துக் கிடக்கும் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, வயலில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாசனத்துக்குத் தாராளமாக இறைக்கலாம். அதில் நைட்ரேட் இருந்தால் பயிருக்கு அது உரம்தான், அந்த அளவுக்கு அடுத்த மேலுரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உரத்துக்குப் புது இடம் பார்க்கும்போது, கிணறு, போர்வெல், குளம், வாய்க்கால் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அதைவிட முக்கியம் சரிவு. மழைத் தண்ணீர் அந்த இடத்திலிருந்து கிணற்றை நோக்கி ஓடக்கூடாது. தரை சிமெண்டுத் தரையாகவும் சுற்றுப்புறத்தைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்காதீர்கள், வாசலில் சிறிய தடுப்புக் கட்டுங்கள். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் திறந்த மூட்டையை இறுகக் கட்டி வையுங்கள். திரவ உரத் தொட்டியைச் சுற்றி, அந்தத் தொட்டியின் முழுக் கொள்ளளவையும் அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கையும் தாங்கும் வரப்புச் சுவர் வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் போன்ற நைட்ரேட் உரங்களை டீசல், வைக்கோல், மரத்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள், தீ பிடித்தால் அவை தீயை வளர்க்கும். அவை சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளுவதும் கூடாது. மாட்டுத் தீவனத்தையும் வேறு அறையில் வையுங்கள். சிந்திக் கிடக்கும் உரத்தை மாடு நக்கும். யூரியா கரைந்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். எச்சில் ஒழுகல், வயிற்று உப்பல், நடுக்கம் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

நீங்கள் பெரிதாக நினைக்காத இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: கிணற்றடியில் டிரம் வைத்து உரம் கரைப்பது. ஓஸ் பைப்பின் முனை டிரம்முக்குள் மூழ்கியிருக்கும்போது மின்சாரம் நின்றால், குழாயில் உள்ள தண்ணீர் கிணற்றுப் பக்கம் திரும்பி இறங்கும். அப்போது டிரம்மில் இருக்கும் உரக் கரைசலையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும். மழை தேவையில்லை, சில நிமிடம் போதும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கக் குழாயின் அடிமுனையில் ஃபுட் வால்வு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள், அதில் சின்னக் கல் சிக்கினாலே கசியும். டிரம்மை நிரப்பும்போது பைப் முனைக்கும் டிரம்மின் விளிம்புக்கும் நடுவில், பைப் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது காற்று இடைவெளி இருக்கட்டும். வென்ச்சுரி (குழாயில் ஓடும் தண்ணீரின் வேகத்தால் உரக் கரைசலை உறிஞ்சிச் சேர்க்கும் கருவி) வழியாக உரம் விடுகிறவர்கள், மோட்டாருக்கும் வென்ச்சுரிக்கும் நடுவில் தண்ணீரைத் திரும்ப விடாத தரமான நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும், பருவத்துக்கு ஒரு முறை அது பிடிக்கிறதா என்று கழற்றிப் பார்க்கவும் வேண்டும். உரத்தைத் தனிப் பம்பு வைத்துச் செலுத்தினால், தண்ணீர் மோட்டார் நின்றதும் அந்தப் பம்பும் தானாக நிற்கும்படி மின் இணைப்பை மாற்றுங்கள். இதையெல்லாம்விட எளிய வழி, தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோய் அங்கேயே கரைப்பது. கரைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கிணற்றையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சுற்றுச்சுவர் தரைக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும், விரிசல்களைப் பூச வேண்டும், சுற்றிலும் தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி சிமெண்டுத் தளம் வேண்டும். போர்வெல் என்றால் துளைக்குள் இறக்கிய கேசிங் குழாய் தரைக்கு ஒரு அடியாவது மேலே நிற்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். தோட்டத்தில் பயன்படாத பழைய போர்வெல் ஏதாவது திறந்து கிடந்தால் முறையாக அடைத்துவிடுங்கள். மேலே சிந்துவதை நேராக நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும் குழாய் அது.

அப்புறம், நனைந்து கட்டியான மிச்ச யூரியாவைத் தூக்கி எறிய வேண்டாம். உடைத்துக் காயவைத்து, மற்ற மூட்டைகளுக்கு முன்னால் அதை வயலில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். எடை போட்டுப் பரிந்துரை அளவிலேயே இடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் அன்று இட வேண்டாம்.