எட்டுப் பேர் சேர்ந்து வாங்கிய ஒரு பேட்டர்ன்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே குவில்ட் (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்ட போர்வை) தைத்து விற்கிறேன். எங்கள் தையல் குழுவில் எட்டுப் பேர் ஆளுக்கு ஏழு வெள்ளி (ரிங்கிட்) போட்டு, ஓர் அமெரிக்க வடிவமைப்பாளரின் குவில்ட் பேட்டர்னை, அதாவது வெட்டித் தைக்கும் மாதிரித் தாளை, இணையத்தில் பிடிஎஃப்பாக வாங்கினோம். நான்தான் வாங்கி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். இப்போது அதில் ஒருத்தி போட்டோஸ்டாட் எடுத்துத் தன் வகுப்பில் பத்து வெள்ளிக்கு விற்கிறாள். இது தப்பா? அதைப் பார்த்துத் தைத்த போர்வைகளை நான் தீபாவளிச் சந்தையில் விற்கலாமா? அப்புறம், புள்ளிக்கோலத்தை வைத்து நானே வரைந்த பேட்டர்ன் ஒன்று என் பெயர் வெட்டப்பட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். உங்கள் கோலத்தாள் சுற்றுகிறதே என்ற எரிச்சல் இருக்கிறதே, அந்த அமெரிக்கப் பெண்மணிக்கும் அதேதான் இருக்கும்.

முதலில் எது யாருக்குச் சொந்தம் என்று பார்ப்போம். என் அம்மா பழைய கைலியையும் பாவாடைத் துண்டுகளையும் சேர்த்துப் போர்வை தைப்பார். அந்த முறைக்கு யாரும் காசு கேட்க முடியாது. நைன் பேட்ச், லாக் கேபின் மாதிரியான கட்டங்களும் அப்படித்தான். அமெரிக்கப் பாட்டிமார் நூறு வருஷத்துக்கு மேலாகத் தைத்து வருபவை. நமது மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 7(2ஏ) பிரிவு, கருத்துக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை இல்லை என்கிறது. ஆனால் நீங்கள் வாங்கிய பிடிஎஃப்பின் முதல் பக்கத்தில் ஒரு அங்குலச் சதுரம் ஒன்று இருந்திருக்கும், அச்செடுத்ததும் அடிக்கோலை வைத்து அளவு சரியா என்று பார்ப்பதற்கு. அந்தத் தாள், வெட்டும் வடிவங்கள், எத்தனை மீட்டர் துணி என்ற கணக்கு, படிப்படியான விளக்கம், படங்கள் எல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதி வரைந்தவை. அவை அவருக்குச் சொந்தம். அவர் அமெரிக்கர் என்பதால் இங்கே செல்லாது என்று நினைக்க வேண்டாம். ஒரு நாட்டுப் படைப்புக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் பாதுகாப்புத் தரும் பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990-ல் சேர்ந்துவிட்டது.

கடையில் வாங்கிய அச்சுப் பேட்டர்னைத் தோழிக்கு இரவல் கொடுக்கலாம், வேலை முடிந்ததும் விற்கலாம். அது ஒரே பிரதிதான், கை மாறுகிறது. பிடிஎஃப் அப்படியல்ல. எட்டுக் கைபேசிக்கு அனுப்பினால் எட்டுப் பிரதி. கூட்டுப் போட்டு வாங்கினோம் என்பது பணக் கணக்கு மட்டுமே, உரிமைக் கணக்கு இல்லை. மற்ற ஏழு பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கட்டும். குடும்பத்தோடு ஒரு வேளை நாசி கண்டார் சாப்பிட்டால் ஆகிற காசுதான். இல்லையென்றால் அந்த வடிவமைப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். குழுவுக்கும் தையல் ஆசிரியர்களுக்கும் தனி அனுமதி தருபவர்கள் உண்டு.

வகுப்பில் விற்கும் தோழி விஷயம்தான் ஆபத்து. விற்பதற்காகப் பிரதி எடுப்பது 41-ஆம் பிரிவின்படி குற்றம். ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்து வெள்ளித் தாளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது அதுதான். கோப்பு உங்களிடமிருந்து போனது என்பதால், நிறுத்தச் சொல்லி அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு போதாது.

தைத்த போர்வையை விற்பதில் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 13ஏ பிரிவு, வடிவமைப்பு ஆவணத்தை (உங்கள் பேட்டர்ன் மாதிரியான தாளை) பார்த்து ஒரு பொருளைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: செய்யும் பொருளே கலைப்படைப்பாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டம் கட்டமான படுக்கைப் போர்வைக்கு நான் கவலைப்பட மாட்டேன். ஓவியம்போல மயிலையோ முகத்தையோ துணியில் வைத்துத் தைத்துச் சுவரில் மாட்டும் வகை என்றால் விற்குமுன் அனுமதி வாங்கிவிடுங்கள். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனைக்குச் சம்மதித்துப் பணம் கட்டியிருந்தால் அது ஒப்பந்த விவகாரம். ரசீதையும் நிபந்தனைகளையும் எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கோலத்துக்கு வருவோம். புள்ளிக்கோலம் பொதுச் சொத்து, அதை நீங்கள் உரிமை கோர முடியாது. அதை அளந்து துணிக்கு ஏற்றபடி நீங்கள் வரைந்த தாள் உங்களுடையது. வரைந்த கணமே உரிமை வந்துவிட்டது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விருப்ப அறிவிப்பு கொடுத்து வைத்தால் நீதிமன்றத்தில் கைகொடுக்கும். பெயரை வெட்டியது 25-ஆம் பிரிவின்படி தனியாக ஒரு தவறு. முதலில் வரைந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கைபேசியில் எடுத்த பழைய படங்களையும் அழிக்காதீர்கள்.

பரப்பியவருக்குச் செய்தி அனுப்பும் முன், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் அந்த பிடிஎஃப்பை எல்லோரையும் நீக்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் உங்களிடம் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பேன்.