முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில் கணினியை வெல்வது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு எண்ணங்களிலிருந்து பிறந்தவை. கணினி நம்மைவிட ஆழமாக யோசிக்கிறது என்பது ஒன்று. அது ஏமாற்றுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் மனத்திலிருந்து அகற்றினாலொழியத் தந்திரங்கள் பயன் தரமாட்டா என்பதால், அதற்கு உதவும் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிறு வயதிலிருந்து செஸ் ஆடுகிறேன். செல்பேசியில் உள்ள செஸ் செயலியை என்னால் வெல்லவே முடிவதில்லை. ஆனால் அதே செல்பேசி, போர் விளையாட்டில் சிறு பிள்ளைகூடச் செய்யாத தவறுகளைச் செய்கிறதே, ஏன்? (மயிலாப்பூர் வாசகர்)

செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு நகர்வுதான். ஒரு நிலையிலிருந்து சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம் என்று கணக்கிடுவார்கள். அவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் அடுக்கடுக்காகத் தேடிப் பார்க்கும் வேகம் இருந்ததால்தான் 1997-இல் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. போர் விளையாட்டிலோ ஒரே முறையில் எல்லாப் படைகளும் நகரலாம். 10 படைகள் இருந்து ஒவ்வொன்றுக்கும் 20 வழிகள் இருந்தால், அந்த ஒரு முறைக்கு மட்டுமே சாத்தியங்கள் 10 லட்சம் கோடியைத் தாண்டிவிடும்; எதிராளியின் பதில்களை இதில் இன்னும் சேர்க்கவில்லை. இவ்வளவையும் தேடுவது இயலாது என்பதால், விளையாட்டை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் கணினியை ஒவ்வொரு படையாக எடுத்து, இந்த நேரத்தில் எந்தத் தாக்குதல் அதிக லாபம் தரும் என்று மதிப்பெண் போட்டு முடிவெடுக்கச் செய்கிறார்கள். அந்தப் படை அங்கே போய் நின்றபின் அதற்கு என்ன நேரும் என்ற கேள்வி இந்தக் கணக்கில் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதிலிருந்தே தெளிவாகிறது. ஒவ்வொரு எதிரிப் படையும் அடுத்த முறையில் எதுவரை வந்து தாக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். பல விளையாட்டுகளில் எதிரிப் படையைத் தொட்டாலே அந்த எல்லை திரையில் தெரியும். உங்கள் படைகளில் உறுதியான ஒன்றை மட்டும் நல்ல தரையில், அந்த எல்லைக்குள் நிறுத்துங்கள். மற்ற அனைத்தையும் எல்லைக்கு ஒரு கட்டம் வெளியே வையுங்கள். கணினி வந்து அந்த ஒன்றைத் தாக்கும். வந்தவை அனைத்தும் உங்கள் முழுப் படையின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊரில், எந்தக் கட்டத்தை யார் தாக்குகிறார்கள் என்று எண்ணும் பழக்கத்தைச் செஸ் ஆடுபவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும்.

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ விளையாட்டில் மனிதர் படையை எடுத்து ஆடுகிறேன். ஆர்க்குகள் என்னும் அரக்கர்கள் கூட்டமாக வந்து என் முன்வரிசையை ஒரே இரவில் அழித்துவிடுகிறார்கள். அதிக வீரர்களைச் சேர்ப்பதுதான் வழியா? (தாம்பரம், கல்லூரி மாணவர்)

‘ஒரே இரவில்’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. இவ்விளையாட்டில் விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவின் இரு சாமங்கள் என்று ஆறு முறைகளில் ஒரு நாள் சுழல்கிறது. உங்கள் வீரர்கள் பகலில் 25 சதவீதம் வலுப்பெறுவார்கள், இரவில் அதே அளவு தளர்வார்கள். ஆர்க்குகளுக்கு நேர் எதிர். கிரண்ட் என்னும் ஆர்க் வீரன் ஒரு தாக்குதலில் 9 சேதம் வீதம் இருமுறை வெட்டுவான். உங்கள் ஈட்டி வீரன் 7 வீதம் மும்முறை குத்துவான். இரவில் இருவரும் மோதினால், எல்லா வீச்சும் பட்டால் ஆர்க் 22 சேதம் செய்வான், ஈட்டி வீரன் 15 செய்வான். பகலில் அதே இருவர் மோதினால் ஆர்க் 14, ஈட்டி வீரன் 27. எண்ணிக்கையைக் கூட்டாமல், சண்டை நடக்கும் வேளையை மாற்றினாலே பலம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

ஆகவே அந்தி வரும்போது பின்வாங்குங்கள். பின்வாங்குவதைத் தோல்வியாகக் கருதிப் பலர் நின்ற இடத்திலேயே மடிகிறார்கள். இந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய வீண் வேறில்லை. கிராமத்தில் நிற்கும் வீரன் ஒவ்வொரு முறையும் 8 உயிர்ப்புள்ளிகள் மீளப்பெறுவான் என்பதால், காயம்பட்டவர்களை முதலில் அங்கே அனுப்புங்கள். உங்களைத் துரத்தி வரும் ஆர்க்குகளில் வேகமானவை முன்னும் மெதுவானவை பின்னுமாகச் சிதறும். விடியும்போது வரிசை குலைந்து வெளியில் நிற்பது அவர்களாக இருப்பார்கள். அப்போது பகல் முழுவதும் முன்னேறித் தாக்குங்கள்.

கணினி ஏன் பகலில் ஒதுங்கி நிற்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. வெஸ்னாத்தின் கணினி எதிரிக்கு ஆக்ரோஷம் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அது 0 என்றால் தன் இழப்பையும் எதிரியின் இழப்பையும் சமமாக மதிக்கும். 1 என்றால் தன் இழப்பைப் பொருட்படுத்தவே செய்யாது. இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும் மதிப்பு 0.4. அதாவது, தன் வீரர்கள் சாவதை அது உங்களைவிட மலிவாகவே கருதுகிறது. காட்டிலும் கோட்டையிலும் நின்றபடி அந்த மலிவுக் கணக்கை நீங்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதிரிப் படைகள் பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்படுத்துவது நல்லதா, ஒன்றைக் கொன்று முடிப்பது நல்லதா? (பெரம்பூர்)

விளையாட்டின் விதியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெஸ்னாத்திலும், வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் எக்ஸ்காம் விளையாட்டிலும் ஓர் உயிர்ப்புள்ளியோடு நிற்கும் எதிரியும் முழுச் சேதம் செய்வான். அங்கே மூவரைக் காயப்படுத்துவதைவிட ஒருவரைக் கொல்வதே மேல். 2001-இல் வந்த அட்வான்ஸ் வார்ஸ் விளையாட்டில் பாதி பலமிழந்த படை ஏறத்தாழப் பாதிச் சேதமே செய்யும் என்பதால், முதல் அடி யாருடையது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கே பல படைகளைத் தேய்த்து வைப்பதிலும் பயன் உண்டு.

எக்ஸ்காமில் 80 சதவீத வாய்ப்புள்ள குண்டு அடுத்தடுத்து இருமுறை தவறுகிறது. சேமித்த இடத்திலிருந்து மீண்டும் ஆடினாலும் அதேபோலத் தவறுகிறது. கணினி ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (வேளச்சேரி)

80 சதவீதக் குண்டு இருமுறை தொடர்ந்து தவறுவதற்கான வாய்ப்பு 4 சதவீதம். ஒரு களத்தில் பல முறை சுடுகிறீர்கள். ஆகவே இது நடக்கத்தான் செய்யும். மீண்டும் ஆடும்போதும் அதே முடிவு வருவதற்குக் காரணம், தற்செயல் எண்களின் வரிசையும் சேர்ந்தே சேமிக்கப்படுவதுதான். 2012-இல் வந்த பதிப்பில் எளிய நிலைகளில் திரையில் காட்டாமலே ஆடுபவருக்குச் சாதகமாக வாய்ப்பு கூட்டப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல், அந்த ஒரு குண்டை நம்பி மற்ற எல்லாவற்றையும் அமைத்ததில் இருக்கிறது. எதிரிகள் சிறு குழுக்களாகத் திரிகிறார்கள். ஒரு குழு உங்கள் வீரரின் கண்ணில் பட்டவுடன், அது ஒரு இலவச நகர்வு பெற்று மறைவிடத்துக்கு ஓடும். உங்கள் முறையின் கடைசி வீரரை வேகமாக முன்னே ஓடவிட்டுப் புதிய குழுவை எழுப்பினால், பதில் சொல்ல உங்களிடம் யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். முதல் வீரரை மட்டும், மறைவிடத்திலிருந்து மறைவிடத்துக்கு, குறைந்த தூரம் நகர்த்துங்கள். குழு எழுந்தால் மற்ற அனைவரும் கையில் இருப்பார்கள். முதலில் கையெறி குண்டை வீசுங்கள். அது தவறாது, மறைவிடத்தையும் உடைக்கும். முழு மறைவிடம் சுடுபவரின் வாய்ப்பில் 40 சதவீதப் புள்ளிகளைக் குறைக்கும் என்பதால், அதை உடைத்தபின் சுடுவதும் பக்கவாட்டில் சென்று சுடுவதும் வேறு ஆட்டமாகிவிடுகின்றன.

இவ்விளையாட்டுகளுக்காக ரிச்சி தெருவில் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்க எண்ணுகிறேன். தேவையா?

வெஸ்னாத்துக்குத் தேவையே இல்லை. நாகரிகம் ஒன்றைக் கட்டி வளர்க்கும் சிவிலைசேஷன் போன்றவற்றில் ஆட்டத்தின் பிற்பகுதியில் கணினி தன் முறைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் பிராசஸரைப் பொறுத்தது. பணத்தை அங்கே செலவிடுங்கள்.

சிவிலைசேஷன் 6-இல் உச்ச நிலையான டெய்ட்டியில் ஆரம்பத்திலேயே அழிந்துவிடுகிறேன். அந்த நிலையில் கணினி மிகவும் புத்திசாலியாகிவிடுகிறதா? (அம்பத்தூர்)

புத்தி அதேதான், கொடுக்கப்படும் முதல்தான் கூடுகிறது. டெய்ட்டியில் நீங்கள் நகரை நிறுவும் குடியேறிக் குழு ஒன்றோடு தொடங்கும்போது கணினி மூன்றோடு தொடங்கும். ஒவ்வொரு சண்டையிலும் அதன் படைகளுக்கு 4 பலப்புள்ளிகள் கூடுதல். உற்பத்தியிலும் அறிவியலிலும் சலுகை உண்டு. முதல் போரை அது தொடுக்கும் என்றே எண்ணி, கவண் வீரர்களை முன்கூட்டியே உருவாக்கி வில்லாளிகளாக மாற்றுங்கள். எல்லையோர நகருக்கு மதில் எழுப்புங்கள். இந்தத் தொடரின் ஐந்தாம் பதிப்பிலிருந்து, அதாவது 2010 முதல், ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்க முடியும். கணினி தன் பெரும்படையை ஆற்றுக்கும் மலைக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியில் ஒழுங்காக நடத்திவர இன்னும் திணறுகிறது. அத்தகைய வழியின் முனையில் உங்கள் நகரை அமைத்தால், அதன் படைகள் ஒவ்வொன்றாக வந்து உங்கள் மதிலிலிருந்தும் வில்லாளிகளிடமிருந்தும் அம்பு வாங்கும். படை கரைந்தபின் பெரும்பாலும் பொன் கொடுத்தே சமாதானத்துக்கு வரும். அந்தப் பொன்னில் நீங்கள் பின்தங்கிய தூரத்தின் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.

மெட்ரோ ரயிலில் செல்லும்போது பாலிடோபியா ஆடுகிறேன். மதில் சூழ்ந்த நகரங்களைப் பிடிக்க முடியவில்லை. (ஆலந்தூர்)

மதில் உள்ளே நிற்கும் படையின் தற்காப்பை நான்கு மடங்காக்குகிறது. வாள் வீரர்களை மோதவிட்டால் அவர்கள்தான் சாவார்கள். கவண்பொறி மூன்று கட்டத் தொலைவிலிருந்து தாக்கும், பதிலடி பெரும்பாலும் எட்டாது. ஆனால் அதற்குத் தற்காப்பு 0, நகர்ந்த முறையிலேயே தாக்கவும் இயலாது. ஆகையால் அதை நகர்த்தும் முறையில் தற்காப்பு வீரர்களை முன்னே நிறுத்தி மறைத்துக்கொள்ளுங்கள். காவல் படை வீழ்ந்ததும் குதிரை வீரரை நகருக்குள் அனுப்புங்கள். நகரம் அடுத்த முறையில்தான் உங்கள் கைக்கு வரும். இடைப்பட்ட முறையில் கணினி அவரைக் கொல்லவே எல்லாப் படைகளையும் திருப்பக்கூடும் என்பதால், நகரை ஒட்டிய கட்டங்களில் எத்தனையை முடியுமோ அத்தனையையும் உங்கள் வீரர்களால் அடைத்துவிட்டு, அதன்பின் முறையை முடியுங்கள்.