இருபது நிமிஷத்தில் காணாமல் போகும் டிரைவ்

கேள்வி: எங்கள் கோவிலுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள் நான். பன்னிரண்டு வருஷத் தைப்பூசக் காவடிப் படங்களும், கொள்ளுத் தாத்தாவின் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் காகித ஸ்கேனும் ஒரே 2 டிபி ஹார்ட் டிரைவில் இருக்கின்றன. பழைய டெஸ்க்டாப்பில் மருமகன் உபுண்டு போட்டுக் கொடுத்தார். காப்பி போட ஆரம்பித்தால் இருபது நிமிஷத்தில் டிரைவ் மறைந்துவிடுகிறது. சில நாள் திறக்கிறது, ஆனால் எழுத விடுவதில்லை. மகளின் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு தொந்தரவும் இல்லை. உபுண்டுவை எடுத்துவிடட்டுமா, புது டிரைவ் வாங்கட்டுமா?
சாட்ஸ்வொர்த் வாசகி, டர்பன்

பதில்: அக்கா, இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். உபுண்டு என்பது நம் ஜூலு அண்டை வீட்டுக்காரர் வாயில் புழங்கும் சொல்; விண்டோஸ் போல கணினியை இயக்கும் மென்பொருளாக அதை வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004ல் வெளிக்கொண்டு வந்தார். அதைத் தூக்கிப் போடும் முன் ஒரு வயரைப் பார்ப்போம்.

டிரைவை எங்கே செருகுகிறீர்கள்? பெட்டியின் முன்பக்கம் என்றுதான் நினைக்கிறேன், எல்லோரும் அங்கேதான் செருகுவார்கள். அந்த ஓட்டை மதர்போர்டிலேயே இருப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு மெல்லிய வயர் வழியாகப் போய்ச் சேருகிறது. கையடக்க டிரைவுக்குத் தனி அடாப்டரும் கிடையாது, மின்சாரம் முழுக்க அந்த யுஎஸ்பி வயரில்தான் வர வேண்டும். யுஎஸ்பி 2 கணக்குப்படி ஓர் ஓட்டை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் டிரைவ் ஓர் ஆம்பியர் அளவுக்கும் கேட்கும். கிடைக்காவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், தட்டு நின்று மறுபடி சுற்றும் ஓசை. கணினிக்கு அது யாரோ டிரைவைப் பிடுங்கிச் செருகியது போலத்தான். மகளின் லேப்டாப் ஓட்டை நல்ல மின்சாரம் தருகிறது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. உபுண்டு மேல் பழி விழுந்துவிட்டது.

ஆகவே முதலில் பெட்டியின் பின்பக்கம், நீல நிற ஓட்டை (யுஎஸ்பி 3) இருந்தால் அதில், நேரடியாகச் செருகுங்கள். நீட்டிப்பு வயர் கூடாது. டிரைவோடு வந்த குட்டை வயரையும் மாற்றிப் பாருங்கள். வயர் பழசானால் டிரைவ் பக்க முனைதான் முதலில் தளரும், லேசாக ஆட்டினாலே தொடர்பு விட்டுப் போகும். அப்படியும் சரியாகாவிட்டால் சொந்த அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்குங்கள். புது டிரைவின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

அதற்குப் பிறகும் மறைகிறதா? கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலைத் திறந்து 'சூடோ டிஎம்இஎஸ்ஜி ஹைஃபன் டபிள்யூ' (sudo dmesg -w) என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுக் காப்பி போடுங்கள். டிரைவ் மறையும் கணத்தில் உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் என்ன முணுமுணுக்கிறது என்று பாருங்கள். 'ரீசெட்', 'டிஸ்கனெக்ட்' மட்டும் வந்தால் மறுபடி வயரும் மின்சாரமும்தான். 'யுஏஎஸ்' என்று தொடங்கும் வரிகள் வந்தால் கதை வேறு. யுஏஎஸ் என்பது டிரைவோடு வேகமாகப் பேசும் முறை. டிரைவ் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புச் சிப்புகளில் சில அதில் சொதப்பும். 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) அடித்தால் டிரைவின் எட்டு எழுத்து அடையாளம் தெரியும். அதை 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்' (usb-storage.quirks) என்ற அமைப்பில் கடைசியில் 'யு' சேர்த்து, கெர்னல் துவக்க வரியில் போடச் சொல்லுங்கள். மருமகனுக்கு ஐந்து நிமிஷ வேலை. டிரைவ் பழைய முறைக்குத் திரும்பிவிடும். சுழலும் டிரைவில் வேகக் குறைவு கண்ணுக்கே தெரியாது.

எழுத விடாத பிரச்சினை வேறாக இருக்கலாம். அது பெரும்பாலும் விண்டோஸ் பக்கத்து வேலை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரம் டிரைவைப் பிடுங்கினால், கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் கணக்கு பாதியில் நிற்கும். உபுண்டு பயந்து 'படிக்க மட்டும்' என்று திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். பயப்படுவதும் நியாயம்தான். மகள் வீட்டில் அந்த வசதியை அணைத்துவிட்டு, விண்டோஸிலேயே ஒருமுறை டிரைவைப் பரிசோதித்து, முறைப்படி எஜெக்ட் செய்து எடுத்து வாருங்கள்.

எஜெக்ட் உபுண்டுவிலும் கட்டாயம். காப்பிப் பட்டி நிறைந்துவிட்டது என்பதற்காக எல்லாம் டிரைவுக்குப் போய்விட்டதாக அர்த்தமில்லை. கடைசிப் பங்கு இன்னும் கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் நிற்கும். ஒரு கல்யாண வீடியோவை இப்படி அவசரத்தில் பிடுங்கி, தாலி கட்டும் கோப்பு மட்டும் சுழி அளவில் நின்றதை நான் அனுபவித்திருக்கிறேன். மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

2023ல் லோட் ஷெடிங் நம்மைப் படுத்திய பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எந்த டிரைவுக்கும் கெடுதல். டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும், எஜெக்ட் செய்து மூட நேரம் கிடைக்கும். உபுண்டுவில் மட்டும் வைக்கும் டிரைவ் என்றால் என்டிஎஃப்எஸ்ஸை விட்டு லினக்ஸின் அடுக்கு முறையான எக்ஸ்ட்4 ஆக்கலாம். அது ஜர்னல், அதாவது செய்யப்போவதை முதலில் குறித்துக்கொள்ளும் குறிப்பேடு, வைத்து எழுதும், கரண்ட் போய் வந்தாலும் பெரும்பாலும் தானே எழுந்து நிற்கும். விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபாட் முறையில் அந்த ஜர்னல் இல்லை, அங்கே இங்கே தூக்கிப் போக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு மாற்றினாலும் டிரைவ் காலியாகும், படங்கள் வேறோர் இடத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

பின்பக்க ஓட்டையிலும் புது வயரிலும் அந்த 'டிக்' கேட்கிறது, அல்லது டிரைவ் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பரிசோதனையில் 197 என்ற வரிசையில் (படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை) சுழி இல்லை என்றால், அப்போது டிரைவையே சந்தேகப்படுங்கள். பரிசோதனை, பழுது பார்ப்பது என்று அதை உருட்ட வேண்டாம். முதலில் படங்களை எடுத்து வையுங்கள். புது டிரைவ் வாங்க வேண்டியது அப்போதுதான்.

சொல்லப்போனால் பழசு நன்றாக ஓடினாலும் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். பன்னிரண்டு வருஷம் ஒரே பெட்டியில் இருக்கிறதே! இரண்டாவது டிரைவ் மகள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்கும் படங்கள் இரண்டு டிரைவிலும் ஏறி, இரண்டையும் திறந்து பார்க்கும் வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.