மறு: 14 அங்குல லேப்டாப்பில் 4கே திரை எடுக்கலாமா?

4கே திரையில் (3840 × 2160 பிக்சல்) 200 சதவீத ஸ்கேலிங் வைத்தால், அதாவது எழுத்தையும் ஐகான்களையும் இரு மடங்கு பெரிதாக்கினால், 1080பி (1920 × 1080) அளவுக்குத்தான் இடம் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு 4கே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 14 அங்குலத்தில் அது வீண் என்றே எனக்குப் படுகிறது. எழுத்து கொஞ்சம் கூர்மையாகத் தெரியும், ஆனால் 1080பி-யைப் போல நான்கு மடங்கு பிக்சலை வரைய கிராபிக்ஸ் உழைக்க வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 1920 × 1200 போதும், அதிலேயே அங்குலத்துக்கு 160 பிக்சலுக்கு மேல் வந்துவிடும்.

மேசைக்கு மட்டும் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்குங்கள். 150 சதவீத ஸ்கேலிங்கில் வைத்தால் ணகர, ழகரச் சுழிகள்கூடப் பிசிறில்லாமல் இருக்கும், நாள் முழுக்கப் படிக்கிற கண்ணுக்கு அது பெரிய விஷயம். மாட்டியதும் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் கேபிள் மாட்டிய போர்ட்டைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 30 படம்) ஓடும், டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள்.