மேடை கலைந்த பிறகு வரும் விமர்சனம்

கொழும்பில் நடக்கும் ஒரு சிறிய விளிம்பு நாடக விழாவுக்கு விமர்சனம் எழுதும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள், அரங்கியலில் பயிற்சி இல்லாத நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று வினவியிருக்கிறீர்கள். நானும் அரங்கியல் கற்றவன் அல்லன். ஒரு சிற்றிதழுக்காகச் சில ஆண்டுகள் நாடகம் பார்த்து எழுதியவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விளிம்பு விழா என்ற வழக்கம், 1947இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த கலைப் பெருவிழாவுக்கு அழைக்கப்படாத எட்டுக் குழுக்கள் தாமாகவே போய் நாடகம் போட்டதிலிருந்து பிறந்தது. அங்கே ஆகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒரே நாடகம் பல தடவை மேடையேறுவதால், தொடக்க நாட்களில் வரும் விமர்சனமும் அதற்கு இடப்படும் நட்சத்திரங்களும் மீதி நாட்களின் டிக்கெட் விற்பனையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. நம் குழுக்களுக்கோ மண்டபம் ஒரு மாலைக்குக் கிடைக்கும், மிஞ்சினால் இரண்டு. நீங்கள் எழுதியது வெளிவரும்போது ஒப்பனை கலைந்து, காட்சிப் பொருட்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பின்விறாந்தைக்குப் போயிருக்கும். ஆகவே, போய்ப் பாருங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்லும் விமர்சனத்துக்கு இங்கே வேலையில்லை. அதைப் படிக்கப்போகிறவர்கள் நாடகத்தைச் செய்த குழுவினரும், அதைத் தவறவிட்டவர்களும், பத்தாண்டுகள் கழித்து இப்படியொன்று நடந்ததா என்று தேடும் ஒரு மாணவரும்தான். ஒளிப்பதிவு செய்யப் பணமில்லாத குழுவுக்கு உங்கள் அரைப்பக்கமே எஞ்சும் ஆவணமாகவும் ஆகிவிடலாம்.

அதனால் தீர்ப்பைவிட விவரணைதான் முக்கியம். "நடிப்பு சிறப்பாக இருந்தது" என்ற வரியிலிருந்து எவருக்கும் எதுவும் கிடைக்காது. நடிகை எங்கே நின்றாள், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தினாள், பின்வரிசைக்கு அது கேட்டதா என்று எழுதினால் அதிலிருந்தே மதிப்பீடு தெரிந்துவிடும். பார்த்ததையும் விளங்கிக்கொண்டதையும் பிரித்து எழுதும் பழக்கம் எனக்கு ஓர் அவமானத்தால் வந்தது. தாயொருத்தி மகனின் கடிதத்தை அரையிருளில் வாசிக்கும் காட்சியொன்றை, மங்கிக்கொண்டு போகும் நினைவின் குறியீடு என்று ஒரு பந்தி முழுக்க வியந்து எழுதியிருந்தேன். அடுத்த வாரம் அந்த நாடகத்தின் ஒளியமைப்பாளர், "அண்ணை, அன்றைக்கு இரண்டு லைட் எரியவில்லை" என்றார். சிரிக்காமல் சொன்னார் என்பதுதான் கூடுதலாகச் சுட்டது.

கூத்தின் சாயல் கொண்ட நாடகங்கள் வந்தால் இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூத்து, வட்டமான திறந்த ஆடுகளமாகிய வட்டக்களரிக்கு உரியது. சுற்றியிருக்கும் மக்கள் நடுவே, விடிய விடிய, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆடப்படுவது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி, பார்வையாளர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது (1964இல் மேடையேறிய இராவணேசன் அந்த முயற்சிகளுள் ஒன்று), எதை வைத்திருப்பது, எதை விடுவது என்ற கேள்வியும் கூடவே மேடையேறியது. இன்றைய இளம் குழுவும் அதே கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. பாத்திரம் களரிக்குள் நுழையும்போது ஆடும் வரவாட்டம் முழுமையாக ஆடப்பட்டதா, இரண்டு சுற்றோடு வெட்டப்பட்டதா? ஆடுபவரின் பாட்டைத் தொடர்ந்து பாடும் பிற்பாட்டுக்காரர் மேடையில் தெரிந்தனரா, ஒலிப்பதிவுக்குள் ஒளிந்தனரா? பதிவு செய்த பாட்டுக்கு ஆடும்போது தாளம் ஆடுபவருக்காகக் காத்திருக்காது; கால் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தில் பாதி நெறியாளருடையது என்பது என் கருத்து.

விழாவில் சிங்கள நாடகங்களும் இருக்கும், அவற்றிலிருந்து ஒதுங்காதீர்கள். 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’ என்ற நாடகம், ‘நாடகம’ எனப்படும் சிங்கள நாட்டார் இசைநாடக மரபிலிருந்து எழுந்தது. அந்த மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அந்த உறவைக் காதால் இனங்காணக்கூடிய தமிழ் விமர்சகர் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. வசனம் முழுவதும் புரியவில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். தமிழ் நாடகங்களில் பேச்சுவழக்கைக் கவனியுங்கள்: கொழும்பில் வளர்ந்த நடிகர்கள் மலையகத் தொழிலாளராக வரும்போது பேசும் தமிழ், பெரும்பாலும் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் பேசப்படாத சினிமாத் தமிழாகவே இருக்கும். இதை நயமாகச் சுட்டலாம், ஆனால் சுட்டாமல் விடக்கூடாது.

குறிப்பெடுப்பதற்குத் தொலைபேசியை வெளியே எடுக்காதீர்கள். அதன் வெளிச்சம் நடிகரின் கண்ணுக்கே எட்டும். சிறு கொப்பியில் இருட்டிலேயே, பக்கத்துக்கு ஒரு வரியாகப் பெரிதாகக் கிறுக்கிவைத்தால் போதும். ஒரே மாலையில் மூன்று குறுநாடகங்களைப் பார்ப்பதாயிருந்தால் அன்றிரவே எழுதிவிடுங்கள், விடிந்தால் ஒன்றின் கதிரை மற்றொன்றின் மேடைக்கு வந்துவிடும்.

மிகக் கடினமானது முகத்தாட்சணியம். கொழும்பில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் நாடகம் செய்கிறவர்கள், பார்க்கிறவர்கள், எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். நெறியாளரின் தாயார் உங்களுக்கு அடுத்த இருக்கையிலேயே இருப்பார். அறிமுகம் உண்டென்றால் விமர்சனத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவது நல்லது. நாடகம் முடிந்து வாசலில் நெறியாளர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியிருந்தது, சொல்லுங்கோ" என்று கேட்கும்போது, நான் "எழுதுகிறேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு காலி வீதிக்கு வந்து பஸ் ஏறிவிடுவேன். அந்த வாசலில் வாய்தவறிச் சொன்ன புகழ்ச்சியை எழுத்தில் திரும்பப் பெற முயன்று இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன்.